தாழ்ப்பாள் போட்டாச்சு

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை பார்க்கும் யாருக்கும் அவளுடைய பெயர் தெரியாது. எல்லாருக்கும் அவள் சாரிக்கா. நுழைவாயிலைத் தாண்டி உள்ளே வந்தால் இடது பக்கம் ‘தகவல் மற்றும் உதவி’ என்று எழுதிய கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ‘சாரி சார்’, ‘சாரி மேடம்’, ‘சாரிடா கண்ணு’ என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. தகவல் கேட்டு வருகிறவர்கள் குறைவு. உதவி என்று அவளால் செய்ய முடிந்தது அதைவிடக் குறைவு. மிச்சமெல்லாம் சாரிதான்.

தப்பு யாரோ செய்வார்கள், மன்னிப்பு இவள் கேட்பாள். குடிதண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெறும் காற்று வருகிறது என்பார்கள். சாரி. பெஞ்சில் உட்கார்ந்தேன், ஆணி துணியைக் கிழித்துவிட்டது என்பார்கள். சாரி. பையை வைத்துப் பூட்டிய பெட்டி இப்போது திறக்கமாட்டேன் என்கிறது, உள்ளே கார் சாவி இருக்கிறது என்பார்கள். ரொம்ப சாரி. காணாமல் போன குழந்தையின் பெயரை அவள் மைக்கில் அறிவித்தால், வெளியே ஒலிபெருக்கியில் யாரோ வாய் கொப்புளிக்கிற சத்தம்தான் கேட்கும். ஒரு தடவை, தொலைந்த பிள்ளையின் அம்மாவே அந்த அறிவிப்பைக் கேட்டு, “பாவம், யார் பெத்த பிள்ளையோ” என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டாள்.

இப்படிப் பேசிப் பேசி அந்த வார்த்தை அவள் நாக்கிலேயே தங்கிவிட்டது. வீட்டில் கணவர் சாப்பிட உட்கார்ந்து, குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னால், “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று அவள் வாயிலிருந்து தானாக வந்து விழும்.

“வருத்தமெல்லாம் அப்புறம் படலாம், உப்பை எடு,” என்பார் அவர்.

கணவர் குளிர்பதனப் பெட்டி மெக்கானிக். ஊரில் பாதி வீடுகளுக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற மனிதர். அவருடைய சொந்த வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு சாத்தாது. இரண்டு வருஷமாக ஒரு பழைய துணி நாடாவால் அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பால் எடுக்கவேண்டுமென்றால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். “ஒரு ரப்பர் மாத்தணும், அவ்வளவுதான்,” என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். வேலையிடத்திலும் இந்தக் கதை, வீட்டிலும் இந்தக் கதை. எங்கே போய் முட்டிக்கொள்வது என்று சாரிக்காவுக்குத் தெரியவில்லை.

பூங்காவை நடத்துகிற முதலாளி கெட்டவர் அல்ல. கஞ்சரும் அல்ல. அதுதான் எரிச்சலே. பணத்தை வாரி இறைப்பார், ஆனால் எல்லாம் ஒரே இடத்தில். அவருக்கு ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். சில வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாக ஒன்று வரும். முந்தையதைவிட உயரம், முந்தையதைவிட வேகம், முந்தையதைவிடத் தலைகீழ். முதலில் வந்தது ‘மின்னல்’. அது இப்போது துருப்பிடித்து, வேலி போட்டு, புல் முளைத்து நிற்கிறது. அடுத்தது ‘சுழல்’. அது ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வெடுக்கும். இந்த வருஷம் வந்திருப்பது ‘சூறாவளி’. ஊர் எல்லையில் நுழையும்போதே அதன் தலை தெரிகிறது. அதன் நிழல் சரியாகப் பெண்கள் கழிப்பறையின் மேல் விழுகிறது.

அந்தக் கழிப்பறையைப் பற்றித்தான் இந்தக் கதை. முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே சுளித்துவிட்டு மேலே படிக்கலாம்.

நீளமான கட்டடம், வெளியே ஒரு பெரிய கதவு, உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். கட்டியபோது நன்றாகத்தான் கட்டினார்கள். சுவரில் டால்பின் படமெல்லாம் உண்டு. ஆனால் உள்ளே எந்த அறைக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. ஒவ்வொன்றாக ஆடி, தொங்கி, விழுந்து, காணாமல் போய்விட்டன. இரண்டு பேராக வருகிறவர்கள் பிழைத்தார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். தனியாக வருகிறவள் என்ன செய்வாள்? ஒரு காலை நீட்டிக் கதவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, வெளியே யாராவது தட்டினால் “ஆள் இருக்கு, ஆள் இருக்கு” என்று கத்தவேண்டும். ரோலர் கோஸ்டரில் பயந்து கத்துகிறவர்களைவிட இங்கே பயந்து கத்துகிறவர்கள்தான் அதிகம் என்று சாரிக்கா சொல்வாள். அந்தக் கோஸ்டருக்காவது டிக்கெட் உண்டு.

பூங்காவின் மேனேஜருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘ஆயிடும்’. எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். குழாய் ஒழுகுது சார். ஆயிடும். பெஞ்ச் உடைஞ்சிருக்கு சார். ஆயிடும். எப்போது ஆகும், யார் ஆக்குவார்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் கிடையாது. தலையை மட்டும் ரொம்ப ஆதரவாக ஆட்டுவார். அந்த ஆட்டலைப் பார்த்துப் பாதிப் பேர் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்துத் திரும்பிவிடுவார்கள்.

சாரிக்கா அப்படித் திரும்புகிறவள் அல்ல. ஒரு நாள் அவர் அறைக்குள் போய் நின்று, “சார், வர்ற பொம்பளைங்க என்னைத்தான் திட்டுறாங்க. இன்னிக்கு ஒருத்தி என் ஜன்னல் கண்ணாடியிலயே அடிச்சிட்டா. எனக்குக் கோபமே வரல, அவ இடத்துல நான் இருந்தா கல்லை எடுத்து அடிச்சிருப்பேன்,” என்றாள்.

“புரியுதும்மா. ஆனா ஒண்ணு யோசிங்க. ஜனங்க இங்க எதுக்கு வர்றாங்க? சூறாவளியைப் பார்க்க வர்றாங்க. பாத்ரூமைப் பார்க்கவா வர்றாங்க?”

“பார்க்க வரல சார். ஆனா வந்தவங்க எல்லாரும் போறாங்களே! கோஸ்டர்ல ஏறாதவங்க உண்டு, அங்க போகாதவங்க உண்டா?”

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். “ஆயிடும்,” என்றார்.

இந்த நேரத்தில்தான் தங்கை அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சாரிக்காவுக்கு ஒரே தங்கை. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். கண்டிப்பானவள், ஆனால் அக்கா என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கு எத்தனை தடவை தப்பாகியிருக்கிறது என்று அக்காவுக்குத்தான் தெரியும்.

“அக்கா, என் கிளாஸ் பிள்ளைங்களை உன் பார்க்குக்குக் கூட்டிட்டு வரப்போறேன்,” என்றாள்.

சாரிக்காவுக்குப் பகீர் என்றது. “எதுக்குடி இங்க? வேற எடமே இல்லியா?”

தங்கை விஷயத்தைச் சொன்னாள். போன வருஷம் பிள்ளைகளை வேறு ஓர் இடத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருந்தார்கள். அங்கே கழிப்பறை மோசம் என்று முதலில் போனவள் வந்து சொல்ல, மற்றவர்கள் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருக்க வேண்டுமே என்று தண்ணீரையும் குடிக்கவில்லை. காலையிலிருந்து வெயிலில் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேர் மயங்கி விழுந்துவிட்டார்கள். பெற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து கத்தினார்கள். தலைமை ஆசிரியை, இனிமேல் சுற்றுலாவே கிடையாது என்று சொல்லிவிட்டார். பக்கத்துப் பையன்கள் பள்ளிக்கூடம் மட்டும் வருஷா வருஷம் போய்வருகிறது. பெண் பிள்ளைகள் ஜன்னல் வழியாக அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“நான் எத்தனை நாள் கெஞ்சினேன் தெரியுமா? கடைசியில, எங்க அக்கா அங்கதான் வேலை பாக்குறா, பிள்ளைங்களுக்கு ஒரு குறையும் வராம அவ பார்த்துப்பான்னு சொன்னேன். அப்பதான் ஒத்துக்கிட்டாங்க. இந்தத் தடவையும் ஏதாவது ஆச்சுன்னா, அவ்வளவுதான் அக்கா. இனிமே அந்தப் பிள்ளைங்க எங்கயும் போக முடியாது.”

“என்னைக் கேக்காம ஏண்டி என் தலையில கட்டின?”

“உன்னைக் கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப.”

உண்மைதான். சொல்லியிருப்பாள். கோபத்தோடு தங்கைக்குத் தட்டில் சோற்றைப் போட்டாள். போடும்போதே, எப்படியாவது அந்தக் கதவுகளைச் சரிசெய்துவிடவேண்டும் என்றும் முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் மேனேஜரை விடவில்லை. அவர் கான்டீனுக்குப் போனால் கான்டீனில் நின்றாள். காரில் ஏறினால் காரின் பக்கத்தில் நின்றாள். பிளம்பரைக் கேட்டாள், அவன் சூறாவளி வேலையில் இருக்கிறேன் என்றான். எலெக்ட்ரீஷியனைக் கேட்டாள், அவனும் சூறாவளி. தச்சரைக் கேட்டாள், இரும்பு கோஸ்டரில் தச்சருக்கு என்ன வேலை என்று தெரியவில்லை, அவரும் சூறாவளி. பூங்கா முழுவதும் அந்த ஒன்றின் காலடியில் கிடந்தது. திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்களாம், கோஸ்டர் செய்து கொடுத்த கம்பெனிக்காரர்கள் வருகிறார்களாம். விழா எந்த நாள் என்று சாரிக்கா விசாரித்தாள். தங்கை பிள்ளைகளைக் கூட்டிவருகிற அதே நாள்.

கடைசியில் ஒரு சாயங்காலம் மேனேஜர் பொறுமை இழந்தார். அவள் கண் முன்னாலேயே வாக்கிடாக்கியை எடுத்து, சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

“ஏம்பா, லேடீஸ் டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுடு. விழாவுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். இந்த அம்மா என்னைத் தூங்க விடமாட்டேங்குது.”

கரகரவென்று பதில் வந்தது. “சரி சார், போட்டுடறேன்.”

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் சூப்பர்வைசரே ஜன்னல் பக்கம் வந்தான். “அக்கா, நீங்க சொன்ன வேலை முடிஞ்சுது. தாழ்ப்பாள் போட்டாச்சு.”

“நெஜமாவாப்பா?”

“நல்லா ஸ்ட்ராங்கா போட்டிருக்கேன் அக்கா. யாரும் அசைக்க முடியாது.”

சாரிக்காவுக்கு அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தாள். அதற்குள் ஜன்னலில் ஒருவர், குதிரை ராட்டினத்தில் குதிரையின் காது தன் கையோடு வந்துவிட்டது என்று காதை நீட்டிக்கொண்டு நின்றார். சாரி சொல்லி, காதை வாங்கி வைத்து, அடுத்தவருக்கு சாரி சொல்லி, அப்படியே அன்றைக்குப் பொழுது போய்விட்டது. ஊழியர்களுக்குத் தனிக் கழிப்பறை அவளுடைய அறைக்குப் பின்னாலேயே இருந்ததால் அந்தப் பக்கம் போகிற வேலையும் இல்லை. தங்கைக்கு போன் போட்டாள். “எல்லாம் ரெடி. தைரியமா வா. பிள்ளைங்களை நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லு,” என்றாள்.

அந்த நாள் வந்தது. பூங்கா முழுக்கத் தோரணமும் பலூனும். பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் ஒரே மாதிரி நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, இரண்டு இரண்டு பேராகக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கழுத்தில் தண்ணீர் பாட்டில் தொங்கியது. சூறாவளியை அண்ணாந்து பார்த்து எல்லா வாயும் திறந்தது. சாரிக்கா ஜன்னலை விட்டு வெளியே வந்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு உள்ளே விட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் யாரிடமும் சாரி சொல்லாமல் பேசுவது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“முதல்ல எல்லாரும் பாத்ரூம் போயிட்டு வந்துடலாம். அப்புறம்தான் விளையாட்டு,” என்றாள் தங்கை. நீண்ட தூரம் பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

“வாங்க, நானே காட்டுறேன்,” என்று சாரிக்கா பெருமையாக முன்னால் நடந்தாள்.

கழிப்பறைக் கட்டடத்தின் பெரிய கதவு மூடியிருந்தது. அதன் மேல், வெளிப்பக்கம், புத்தம் புதிய இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று பளபளவென்று இருந்தது. கை கனத்துக்கு ஒரு பூட்டும் தொங்கியது. அவன் சொன்னது பொய்யில்லை. ஸ்ட்ராங்காகத்தான் போட்டிருந்தான். யாராலும் அசைக்க முடியாது.

சாரிக்கா பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தாழ்ப்பாள் போடு என்றால் அவளுக்கு ஓர் அர்த்தம், அவனுக்கு ஓர் அர்த்தம். கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்து என்று இவள் கேட்டாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடு என்று அவன் புரிந்துகொண்டான். அப்படிப் புரிந்துகொண்டதில் அவனுடைய தப்பு என்று என்ன சொல்வது? கெட்டுப்போன எதையும் ரிப்பேர் செய்யாமல் மூடி வைப்பதுதானே அந்தப் பூங்காவின் வழக்கம். மின்னலுக்கு வேலி, படகுக் குளத்துக்குக் கயிறு, கழிப்பறைக்குப் பூட்டு. பெரிய மனிதர்கள் வருகிற நாளில் நாற்றம் வெளியே வராமல் இருக்க மேனேஜர் நல்ல யோசனை செய்திருக்கிறார் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

ஓடிப்போய் சூப்பர்வைசரைப் பிடித்தாள். அவன் சூறாவளி மேடையில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தான். அவள் கத்திய கத்தலில் ரிப்பன் கீழே விழுந்தது.

“நீங்கதானே அக்கா போடச் சொன்னீங்க!” என்றான் அவன், நிஜமான வருத்தத்தோடு.

“உள்ளதான்யா போடச் சொன்னேன்! உள்ள! ஒவ்வொரு கதவுக்கும்!”

“அதை உள்ளன்னு சொல்லியிருக்கலாமில்ல? சார் வெறுமனே போடுன்னாரு.”

“வெளியில தாழ்ப்பாள் போட்ட கழிப்பறையை உலகத்துல எங்கய்யா பார்த்த?”

சாவி இருந்தது. திறந்தும் கொடுத்தான். ஆனால் மூடிவிட்ட கட்டடம் என்று மேலே தொட்டிக்குத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே மூங்கில் கம்புகளும் பெயின்ட் டப்பாக்களும் விழாவுக்குக் கழித்த குப்பையும் கூரை வரைக்கும் அடைத்திருந்தன. டால்பினின் கண் மட்டும்தான் தெரிந்தது. தொட்டி நிரம்பி, இதை எல்லாம் எடுத்து வெளியே போட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிடும்.

அவள் திரும்பி வந்தபோது பிள்ளைகள் அப்படியே வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருத்தி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். இன்னொருத்தி பாட்டிலைத் திறக்கப்போய், பக்கத்திலிருப்பவள் ஏதோ சொன்னதும் மூடியைத் திருகி மூடிவிட்டாள். அதைப் பார்த்த தங்கையின் முகம் சுருங்கியது.

“அக்கா, எல்லாம் ரெடின்னு சொன்னியே,” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சாரிக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவளுக்கு வாய் வரைக்கும் சாரி வந்தது. வருஷக்கணக்காகச் சொன்ன வார்த்தை, நாக்கு நுனியில் தயாராக நின்றது. அன்றைக்கு அதைச் சொல்ல அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சாரி சொல்லி இந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்காவது அவசரம் தீருமா?

“எல்லாரும் என் பின்னாடி வாங்க,” என்றாள்.

பூங்காவில் ஒரு குறையும் இல்லாத கழிப்பறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது முதலாளியின் அறையை ஒட்டியிருந்தது. பளிங்குத் தரை, வாசனைச் சோப்பு, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர். தன் அறைக்குப் பின்னால் இருந்த ஊழியர் கழிப்பறைக்கும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து அனுப்பலாம் என்று பாதி வழியில் தோன்றியது. ஆனால் அன்றைக்கு சாரிக்கா யோசித்து நடக்கிற நிலையில் இல்லை. காவலுக்கு நின்றவர், “அக்கா, உள்ள மீட்டிங் நடக்குது,” என்று கையை நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார்.

உள்ளே நீண்ட மேஜை. மேஜை மேல் அடுத்து வரப்போகிற கோஸ்டரின் சின்ன மாதிரி. ஆமாம், சூறாவளியை இன்னும் திறக்கவே இல்லை, அதற்குள் அடுத்ததற்கு மாதிரி வந்துவிட்டது. முதலாளி, கம்பெனிக்காரர்கள், மேனேஜர் எல்லாரும் அதைச் சுற்றிக் குனிந்துகொண்டிருந்தார்கள். கதவு திறந்து, நீலத் தொப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து, மேஜையைச் சுற்றி, மூலையில் இருந்த கதவு வரைக்கும் வரிசை கட்டி நின்றன.

“என்னம்மா இது?” என்றார் முதலாளி.

“பிள்ளைங்க பாத்ரூம் போகணும் சார்.”

“அதுக்கு என் ரூமா?”

“இங்கதான் சார் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு.”

முதலாளிக்குப் புரியவில்லை. மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. அவர் தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

முதல் பிள்ளை உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் டக்கென்று கேட்டது. சாரிக்காவுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. அந்தப் பிள்ளை வெளியே வந்தாள். வந்ததும் கழுத்திலிருந்த பாட்டிலைத் திறந்து, அங்கேயே நின்று, மடக் மடக்கென்று குடித்தாள். அடுத்தவளும் அப்படியே. போகிறவள் போக, வருகிறவள் எல்லாம் பாட்டிலைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் தண்ணீர் குடிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. கம்பெனிக்காரர்கள் மாதிரியை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலாளி, சொன்னேனே, கெட்டவர் அல்ல. நிலைமையைச் சமாளிக்க, பக்கத்தில் நின்ற ஒரு சின்னவளைப் பார்த்துச் சிரித்து, “என்ன பாப்பா, எங்க பார்க் எப்படி இருக்கு? எதுல ஏறினீங்க?” என்று கேட்டார்.

“இன்னும் எதுலயும் ஏறல அங்கிள். வந்ததுலேருந்து பாத்ரூமுக்குத்தான் வரிசையில நிக்கிறோம்.” கொஞ்சம் யோசித்து, மரியாதையாகச் சேர்த்துச் சொன்னாள். “இது நல்லா இருக்கு அங்கிள். சோப்பு வாசனையா இருக்கு.”

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். “லேடீஸ் டாய்லெட் என்ன ஆச்சு?”

“தாழ்ப்பாள் போட்டாச்சு சார்,” என்றார் மேனேஜர், வேறு எதுவும் தோன்றாமல்.

சாரிக்கா நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில் அவர் முகம் மலர்ந்தது. அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

“விடும்மா. அதை இடிச்சிட்டு புதுசாவே ஒண்ணு கட்டிடலாம். கப்பல் மாதிரி. மாடி வச்சு, விளக்கெல்லாம் போட்டு. இந்த ஊர்லயே அப்படி ஒண்ணு இருக்கக்கூடாது.”

கம்பெனிக்காரர்களில் ஒருவர் உடனே பேனாவை எடுத்தார். சாரிக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடித்தும் கொண்டாள்.

“சார், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், புதுசா மட்டும் எதையும் கட்டாதீங்க! கட்டின கப்பல்லயும் அடுத்த வருஷம் தாழ்ப்பாள் கழண்டு விழும். அப்ப அதுக்கும் ஒரு பூட்டைப் போடுவீங்க. இங்க இல்லாதது எதுவுமே இல்ல சார். எல்லாம் இருக்கு. இருக்கறதைப் பார்த்துக்கத்தான் ஒரு நாதி இல்ல. காலையில கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரூடிரைவரோட ஒரு ஆள் சுத்தி வந்தா போதும். ஒரே ஒரு ஆள்!”

அவ்வளவு நேரம் அவள் அந்த அறையில் பேசியதே கிடையாது. கப்பல் போனதில் முதலாளிக்கு வருத்தம்தான் என்று முகத்தில் தெரிந்தது. தச்சரை நாளை முதல் சூறாவளியிலிருந்து எடுத்துத் தாழ்ப்பாள் வேலைக்கு விடச் சொன்னார். மேனேஜர் “ஆயிடும் சார்” என்றார்.

பிள்ளைகளுக்கு சூறாவளியில் ஏற வாய்ப்பே கிடைக்கவில்லை, பெரிய மனிதர்கள் இறங்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. ஊஞ்சலிலும், காதில்லாத குதிரையிலும் ஏறினார்கள். நிறையத் தண்ணீர் குடித்தார்கள். குடித்ததற்குத் தகுந்தபடி மறுபடி மறுபடி முதலாளியின் அறைக்கு வந்து போனார்கள். யாரும் மயங்கி விழவில்லை. ஆனால் பஸ் கிளம்பும்போது தங்கை சாரிக்காவின் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தலைமை ஆசிரியையிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லப்போகிறாள், அவள் குணம் அப்படி. பூட்டின கதவைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா என்ன சொல்வார் என்று சாரிக்காவுக்கே தெரியும். தன்னால் அந்தப் பிள்ளைகளின் சுற்றுலா போச்சு என்று நினைத்து நினைத்து அவளுக்கு மனசே ஆறவில்லை.

வீட்டில் கணவரிடம், “போதும்ங்க. இனிமே அந்த எடத்துல என்னால முடியாது,” என்றாள். தெருமுனைத் துணிக்கடையில் பில் போட ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே போய்ப் பேசினாள். கடைக்காரர் உடனே சரி என்றார். மாதப் பிறப்பிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது.

சில நாள் கழித்து தங்கை போன் செய்தாள்.

“அக்கா, ஹெச்.எம். எல்லாத்தையும் கேட்டாங்க. அடுத்த வருஷமும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லிட்டாங்க!”

“என்னடி சொல்ற? பூட்டியிருந்ததைச் சொன்னியா?”

“சொன்னேன். பூட்டு, குப்பை, எல்லாத்தையும் சொன்னேன். அப்புறம் நீ என்ன பண்ணினன்னும் சொன்னேன். அதுக்கு அவங்க, அந்த அம்மா அங்க இருக்கற வரைக்கும் பயமில்லாம அனுப்பலாம், அவங்க இல்லைன்னா வேணாம்னுட்டாங்க.”

சாரிக்காவுக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

“அவ்வளவு பெரிய பார்க்கு, அத்தனை கோஸ்டர், அத்தனை ஆளு! ஒரு கதவைச் சாத்தறதுக்கு ஆயுசு பூரா நானே அங்க உக்காரணுமாடீ?”

“அடுத்த தடவை எப்பன்னு பிள்ளைங்க இப்பவே கேக்குதுங்க அக்கா,” என்றாள் தங்கை.

போனை வைத்துவிட்டுத் துணிக்கடைக்கு நடந்தாள். கடைக்காரர் அவளுக்காக நாற்காலியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார். தன்னால் வர முடியாது என்று சொன்னதும் அவர் முகம் மாறியது.

“ஏம்மா, அங்க சம்பளம் ஏத்திட்டாங்களா?”

“இல்லைங்க. அங்க ஒரு கதவு இன்னும் சரியா சாத்த மாட்டேங்குது.”

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.